பெரியோரின் சுகாதார அறிவும் சிறாரின் பள்ளி வாழ்வும்

(அங்கத்தினர் படிப்பு வட்டத்திற்குரிய பாடம்)

பேரேட்டில் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு குடும்பம் இருக்கிறது. ஆய்வுப் பணியில் இருப்போர் இதனை விரைவிலேயே அறிந்து கொள்கின்றனர். 2024-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், சின்னாளபட்டிப் பக்கத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளை நாம் ஆய்வு செய்து கொண்டிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் ஐந்து மாதங்களுக்குள் நான்கு முறை முன்பணம் பெற்றிருந்தார். மொத்தம் ரூ. 6,500. காரணம் எழுதும் இடத்தில் நான்கு முறையும் ஒரே வாசகம்: "மகன் வைத்தியச் செலவு." அதே காலத்தில் அவர் சங்கத்தில் ஒப்படைத்த சேலைகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

கடன் நிலுவையைப் பற்றிக் கேட்பதற்காகவே அவர் இல்லத்திற்குச் சென்றோம். திரும்பி வரும்போது நம் குறிப்பேட்டில் இருந்தவை வேறு செய்திகள். அவற்றிலிருந்தே இந்தப் பாடம் உருவாயிற்று. பெரியோருக்கு உடல்நலம் பற்றிய அறிவு எவ்வளவு உண்டோ, அவ்வளவே அவர்தம் சிறு பிள்ளைகளின் பள்ளி வாழ்வு செழிக்கிறது என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

சுகாதார எழுத்தறிவு என்பது யாது?

எழுதப் படிக்கத் தெரிவது எழுத்தறிவு. உடல்நலம் பற்றிய செய்தியைத் தேடிப் பெறுதல், அதன் பொருளை உணர்தல், சரியா தவறா என்று சீர்தூக்கிப் பார்த்தல், பின்னர் அதன்படி நடத்தல் ஆகிய நான்கும் சேர்ந்ததே சுகாதார எழுத்தறிவு. அறிஞர்கள் இதனை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டுவர். நம் சங்கப் பழக்கத்தைக் கொண்டே இம்மூன்றையும் விளக்கலாம்.

முதற்படி, படித்துப் பொருள் கொள்ளுதல். பாஸ் புத்தகத்தில் வரவு எது, பற்று எது என்று அறிவதைப் போன்றது இது. மருந்துச் சீட்டில் "காலை 1, இரவு 1, உணவுக்குப் பின்" என்றிருப்பதைப் புரிந்துகொள்ளுதல் இப்படியில் அடங்கும்.

இரண்டாம் படி, கேட்டுத் தெளிதல். கணக்கில் ஐயம் எழுந்தால் காரியதரிசியிடம் விளக்கம் கேட்கும் அங்கத்தினரைப் போன்று, வைத்தியரிடமும் செவிலியரிடமும் தயங்காமல் வினவுதல்.

மூன்றாம் படி, சீர்தூக்கிப் பார்த்துக் கூடிச் செயலாற்றுதல். பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்தச் செலவு எதற்காக?" என்று கேட்கும் உறுப்பினரின் நிலை அது. ஊர்க் குடிநீரைச் சோதித்தார்களா என்று கேட்பதும், வதந்தியை நம்பாமல் விசாரிப்பதும் இப்படியைச் சேர்ந்தவை.

2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் திண்டுக்கல் மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் 100-க்கு 76 பேர் அளவில் இருந்தனர். பெண்களில் 68 பேர் அளவில். எழுத்தறிவு வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் எழுத்தறிந்த அனைவரும் சுகாதார எழுத்தறிவு பெற்றவர் ஆகார். பட்டம் பெற்ற நாமே அதில் தவறிய வரலாற்றைப் பின்னர்ச் சொல்வோம்.

குழந்தையின் வாழ்க்கைத் தரம்

வாழ்க்கைத் தரம் என்றதும் வீடு, ஆடை, வருமானம் ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. சிறு குழந்தையின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஆய்வாளர்கள் வேறு நான்கு வினாக்களை எழுப்புகின்றனர். ஓடியாட, நடக்க, தன் வேலையைத் தானே செய்ய உடலில் வலிவு உண்டா? அச்சமும் சோர்வும் கோபமும் இன்றி மனம் தெளிந்துள்ளதா? மற்றப் பிள்ளைகள் அதனைத் தங்களோடு சேர்த்துக் கொள்கின்றனரா? வகுப்பில் கவனம் செலுத்தவும், நாள் தவறாமல் பள்ளி செல்லவும் இயல்கிறதா?

உடல், மனம், தோழமை, பள்ளி ஆகிய இந்நான்கும் தறியில் ஓடும் இழைகள் போன்றவை. ஓரிழை அறுந்தால் நெசவு முழுதும் நிற்கும். இதனை அந்நெசவாளர் இல்லத்தில் கண்ணெதிரே கண்டோம்.

ஒரு நெசவாளர் இல்லத்தில்

குழித்தறியில் தகப்பனார் இருந்தார். தாயார் தார் சுற்றிக் கொண்டிருந்தார். தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட, இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஏழு வயது மகன் வாயிற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "இவன் எப்போதுமே இப்படித்தான். சோம்பேறிப் பயல். வாத்தியாரும் அதையேதான் சொல்கிறார்" என்றார் தகப்பனார். பையன் தலைகுனிந்தான். அந்தச் சொல்லை அவன் அன்று முதன்முறையாகக் கேட்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

வாரத்தில் இரண்டு நாட்கள் அவன் பள்ளி செல்வதில்லை. சென்ற நாட்களிலும் நேரங்கழித்தே போவான். ஆகவே பள்ளியில் வழங்கும் காலை உணவும் அவனுக்குத் தவறிவிடும். தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அந்த உணவு அவன் பள்ளியிலும் உண்டு. ஆனால் அவன் வயிற்றுக்குள் போனது வீட்டில் குடித்த தேநீரும் ஒரு பன்னும்தான்.

முன்பணம் போன வழியையும் கேட்டறிந்தோம். சத்து டானிக் நான்கு புட்டி, இருமுறை ஊசி, ஒருமுறை பார்வை கழித்துக் கயிறு கட்டியது. இவற்றோடு அலைச்சற் செலவு. ஒருமுறையேனும் இரத்தம் சோதிக்கப்படவில்லை.

அப்போது பாட்டியார் உள்ளே சென்று ஒரு பழைய பொடி டப்பியைக் கொண்டு வந்து திறந்து காட்டினார். அதில் இளஞ்சிவப்பு நிற மாத்திரைகள் ஏழு இருந்தன. பள்ளியில் வாரம் ஒருமுறை வழங்கப்படும் இரும்புச் சத்து மாத்திரைகள் அவை. முதல் மாத்திரையை விழுங்கிய மறுநாள் பையனுக்கு மலம் கறுப்பாகப் போயிற்றாம். "குடல் வெந்துபோச்சோ என்று பயந்துவிட்டேன் ஐயா. இனிமேல் விழுங்காதே, பையில் போட்டுக் கொண்டுவந்து என்னிடம் கொடு என்று சொன்னேன்" என்றார். குடற்புழு நீக்க மாத்திரை வழங்கிய நாளில், எங்கோ ஒரு பிள்ளை மயங்கி விழுந்ததாகத் தெருவில் வதந்தி பரவவே, அன்று பையனைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

பேரன்பால் பாட்டியார் செய்த காரியம் இது. அன்பில் குறையில்லை, செய்தியில்தான் குறை. இரும்புச் சத்து உட்கொள்வோருக்கு மலம் கறுப்பது இயல்பு என்ற ஒரே ஒரு வாக்கியம் அவ்வீட்டை எட்டியிருந்தால் ஏழு மாத்திரைகளும் பையனின் இரத்தத்தில் சேர்ந்திருக்கும். தாயார் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். நூல் கட்டின் எண்ணையும் கூலிப் பட்டியலையும் பிழையின்றிப் படிப்பவர். எனினும் மாத்திரையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய சொல்லை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பையனுக்கு இரத்தம் சோதித்தனர். ஹீமோகுளோபின் 8.4 கிராம். 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 11.5 கிராமுக்குக் குறைந்தாலே இரத்த சோகை எனக் கணக்கிடுவர். சோதனைக்கும் மருந்துக்கும் செலவு ஒன்றுமில்லை.

காரணமும் காரியமும்

இரத்த சோகை எவ்வாறு வருகிறது என்பதைப் படிப்படியாக அறிதல் நலம். கொக்கிப்புழுவின் இளம் புழுக்கள் மலம் கலந்த ஈர மண்ணில் வாழ்கின்றன. வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே புகுகின்றன. பின்னர்க் குடலை அடைந்து, அங்கே பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகின்றன. நாளொன்றுக்குச் சிறிதளவே போனாலும், உணவில் இரும்புச் சத்தும் குறைவாக இருந்தால் கணக்கு நேராவதில்லை. பற்று மிகுந்து வரவு குறைந்த கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை நம் அங்கத்தினருக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்கும் மூளைக்கும் பிராணவாயு போதிய அளவு கிட்டாது. பிள்ளை சிறிது ஓடினாலும் மூச்சு வாங்கும். ஆகவே விளையாட்டிலிருந்து ஒதுங்கும். ஒதுங்கும் பிள்ளையை மற்றவர்கள் சேர்த்துக் கொள்வதில்லை. வகுப்பில் கவனம் சிதறும், ஆசிரியர் கடிந்துகொள்வார். கடிந்துகொள்ளப் பெற்ற பிள்ளை பள்ளியை அஞ்சும். முன்னர்ச் சொன்ன நான்கு இழைகளும் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக அறுகின்றன. சோம்பேறி என்று பெயர் வைத்தபின், பிணியை யாரும் தேடுவதுமில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேர் இரத்த சோகை உடையோர். தாய்மை வயதுப் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாறே. சோகையோடு பள்ளிப் படியேறும் பிள்ளைகள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருப்பர்.

செய்ய வேண்டுவன கடினமானவை அல்ல. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வழங்கும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிடலாகாது. வாரந்தோறும் தரும் இரும்புச் சத்து மாத்திரையை உணவுக்குப் பின் உட்கொள்ளச் செய்தல் வேண்டும். உணவோடும் மாத்திரையோடும் தேநீர், காப்பி கூடாது. அவை இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். நெல்லி, எலுமிச்சை, கொய்யா போன்றவை அதற்குத் துணை புரியும். நம் மாவட்டத்து முருங்கைத் தோட்டங்களில் காயைச் சந்தைக்கு ஏற்றி அனுப்புகிறோம். கீரையோ பல வீடுகளில் ஆட்டுக்குப் போகிறது. வாரத்தில் மூன்று நாட்களேனும் பிள்ளையின் தட்டில் ஒரு கைப்பிடி கீரை விழட்டும். வெளியே செல்லும்போது காலுக்குச் செருப்பும், வீட்டிற்குக் கழிப்பறையும் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

நாம் செய்த பிழை

இனி நம் சொந்தப் பிழையை எழுதுகிறோம். ஐந்து வயதான நம் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. முன்பு வைத்தியர் எழுதித் தந்த பாரசிட்டமால் மருந்தை 8 மில்லி கொடுத்து வந்தது நினைவிருந்தது. கடையில் அதே பெயர் சொல்லி ஒரு புட்டி வாங்கினோம். அதே 8 மில்லியைக் கொடுக்கச் சொன்னோம். மறுநாள் பணியின் பொருட்டு ஒரு சங்கத்தில் இருந்தபோது, இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. மூன்றாம் வேளை மருந்து கொடுக்கலாமா என்று கேட்டனர். "முன்போலவே 8 மில்லி" என்று விடையிறுத்தோம்.

அருகில் அமர்ந்திருந்த நிர்வாகக் குழு உறுப்பினரான அம்மையார் ஒருவர், எட்டாம் வகுப்பு வரை மட்டுமே பயின்றவர், "சார், புட்டி புதிதா? ஐந்து மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். பார்க்கச் சொன்னோம். பழைய புட்டியில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், புதியதிலோ 250. ஒரே பெயர், ஒரே நிறம், இரு மடங்கு வீரியம். குழந்தைக்கு இருவேளை இரட்டிப்பு அளவு மருந்து போயிருந்தது. அளவுக்கு மீறிய பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்கும். உடனே மருந்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டினோம். குழந்தைக்குத் தீங்கு நேரவில்லை. ஆனால் அந்தப் பிற்பகல் முழுவதும் நாம் பட்ட வேதனையை எழுத்தில் அடக்க இயலாது.

அந்த அம்மையார் கிராம சுகாதார செவிலியர் நடத்திய தாய்மார் கூட்டத்தில் இதனைக் கற்றவர். நாமோ பல்கலைக்கழகப் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர். யார் கற்றவர் என்று அன்று நமக்கு விளங்கியது.

ஆகவே குழந்தைக்கு மருந்து கொடுக்குமுன் ஐந்து செய்திகளைப் பார்த்தே ஆகவேண்டும்: மருந்தின் பெயர், 5 மில்லியில் உள்ள வீரியம், குழந்தையின் எடைக்கேற்ற அளவு, எத்தனை மணிக்கொரு முறை என்பது, காலாவதித் தேதி. வீட்டுக் கரண்டியால் அளத்தல் கூடாது. புட்டியோடு வரும் அளவு மூடியையே பயன்படுத்த வேண்டும். அக்காளுக்கு எழுதிய மருந்தைத் தம்பிக்குக் கொடுப்பதும், காய்ச்சல் தணிந்தவுடன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நடுவிலேயே நிறுத்துவதும் தவறு.

வயிற்றுப்போக்குக்குரிய உப்பு-சர்க்கரைப் பொட்டலத்திலும் இதே கவனம் தேவை. பொட்டலம் முழுவதையும் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைப்பதே முறை. ஒரு தம்ளர் நீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டினால் உப்பு மிகுந்து தீங்கு விளையும். சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் பயன் குன்றும். கரைத்த நீரை 24 மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது. உடன் கொடுக்கும் துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றபின்னும், 14 நாட்கள் வரை கொடுத்தல் வேண்டும்.

விவசாயிகள் வீட்டில்

நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகைத் தோட்டங்களும், ஒட்டன்சத்திரத்தைச் சூழ்ந்து காய்கறித் தோட்டங்களும் உள்ளன. விடியுமுன் மொட்டு பறிக்கும் தாயோடு பிள்ளையும் தோட்டத்திற்குச் செல்வதுண்டு. முந்திய மாலை அடித்த பூச்சி மருந்தின் ஈரம் இலையில் இருக்கும். அது பிள்ளையின் விரலுக்கு வரும். விரல் வாய்க்குப் போகும்.

1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி ஒவ்வொரு டப்பாவிலும் சாய்சதுரம் ஒன்று அச்சிடப்படுகிறது. அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறமே நச்சின் அளவைக் காட்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கொடிய நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை சற்றுக் குறைந்தது. பச்சை என்றால் பாதுகாப்பு என்று பொருளன்று. எழுத்தறியாதாரும் நிறமறிவர், ஆகவே இந்தப் பாடத்தைக் கற்க எவருக்கும் தடையில்லை.

மருந்து டப்பாவைச் சமையற்கட்டில் வைத்தல், மிச்ச மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்தல், காலி டப்பாவில் தண்ணீர் பிடித்தல் ஆகிய மூன்றும் அறவே நீக்க வேண்டியவை. தப்பித் தவறிக் குழந்தை குடித்துவிட்டால், உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108-ஐ அழைத்து, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த நஞ்சு என்பது தெரிந்தால்தான் வைத்தியர் மாற்று மருந்து கொடுக்க முடியும்.

குடிநீர் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். நம் மாவட்டத்தின் சில பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்நீர் குடிக்கத் தகாது. பல் முளைக்கும் பருவத்தில் அதனைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. பல் விளக்காத பிள்ளை என்று பள்ளியில் ஏளனம் செய்யப்படுகிறது. பிள்ளை வாய் திறந்து சிரிப்பதையே விட்டுவிடுகிறது. காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே நீரைச் சோதித்துப் பார்த்து, தகாததாயின் வேறு நீரைத் தேடுவதே வழி. இது தனி வீட்டால் ஆகும் காரியமன்று. ஊர் கூடிக் கேட்க வேண்டியது. மூன்றாம் படி என்று நாம் கூறியது இதுவே.

கண் பார்வையும் இவ்வாறே. கரும்பலகை தெரியாத பிள்ளை தனக்குத் தெரியவில்லை என்று சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று எண்ணியிருக்கும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா, புத்தகத்தை மூக்கருகே பிடிக்கிறதா, கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா என்று பெற்றோரே கவனிக்க வேண்டும். கண்ணாடி அணிந்தால் பார்வை மேலும் கெடும், பெண்பிள்ளைக்கு வரன் அமையாது என்ற அச்சங்களால் பெட்டிக்குள் உறங்கும் கண்ணாடிகள் பல. கண்ணாடியால் பார்வை கெடுவதில்லை. 2013 முதல் நடைபெறும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறது. அக்குழு எழுதித் தரும் சீட்டை மடித்து வைத்துவிடாமல் மேற்கொண்டு காட்டுவது பெற்றோர் கடமை.

நம் மண்ணின் அனுபவம்

இந்தப் பாடம் நம் மண்ணுக்குப் புதிதன்று. டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் கோ. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினர். அங்கே கிராமத் தாய்மாருக்கென எழுந்த சிறு மருத்துவ நிலையமே கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர் டில்லியில் மருத்துவம் பயின்ற அம்மையார், கல்வியும் வைத்தியமும் இரு வேறு காரியங்கள் அல்ல என்று கருதி உழைத்தவர். 1959-இல் ஆத்தூர் வட்டாரத்தில் காந்திகிராமத்தார் முன்னோடி சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கினர். மருந்து கொடுப்பதோடு நில்லாமல், ஊரார் மதிக்கும் மனிதர்களைக் கண்டு, அவர்கள் வாயிலாகச் செய்தியை வீடுதோறும் சேர்ப்பித்தல் அதன் முறையாக இருந்தது. அயலார் பத்து முறை சொல்வதைக் காட்டிலும், அடுத்த வீட்டார் ஒருமுறை சொல்வது ஏற்கப்படும் என்பதே அதன் உட்பொருள்.

உலக அனுபவமும் இதனையே உறுதிப்படுத்துகிறது. 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்துப் பங்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுத்து, நோயாளிகளின் உறவினரையே புகட்டச் செய்தார். 100-க்கு 30 ஆக இருந்த மரணம் 4-க்கும் கீழே இறங்கிற்று. வைத்தியரின் அறிவு உறவினரின் கைக்கு மாறியபோது உயிர்கள் பிழைத்தன. 2010-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் 175 நாடுகளைப் பற்றிய ஆய்வொன்று வெளிவந்தது. 1970 முதல் 2009 வரை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்தில் ஏற்பட்ட 82 லட்சம் குறைவில், 42 லட்சம் பெண்களின் கல்வி வளர்ச்சியால் நேர்ந்தது என்று அது மதிப்பிட்டது.

அறிவு மட்டும் போதுமா?

போதாது. இதனை வெளிப்படையாகச் சொல்லாவிடில் பாடம் நேர்மையுடையதாகாது. பிள்ளையை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் நாளில் தறி ஓடாது, கூலி கிட்டாது. கீரையின் குணம் தெரிந்தாலும், சமைக்கும் நேரத்தில் தாய் தாரைச் சுற்றிக் கொண்டிருக்க நேரும். வறுமையைப் பாடம் நடத்திப் போக்க இயலாது. மேலும், புரியாத எழுத்தில் சீட்டு எழுதுவோரும், ஆங்கிலத்தில் மட்டும் வாசகம் அச்சிடுவோரும், மாத்திரையைக் கொடுத்துவிட்டு விளக்கத்தைக் கொடுக்க மறப்போரும் இந்தக் குறையில் பங்குடையவர்களே. கேட்கத் தெரிந்த தாயும், சொல்லத் தெரிந்த செவிலியும் சந்திக்கும்போதுதான் அறிவு பயன்தரும். பழியைத் தாய்மீது மட்டும் சுமத்துதல் அறமாகாது.

ஆயினும், அறிவின்மையால் வீணாகும் பணத்தையேனும் நாம் காக்கலாம். அந்நெசவாளர் கடன்பட்டுச் செலவிட்ட ரூ. 6,500 வறுமையால் போன பணமன்று. வழி தெரியாமல் போன பணம்.

சங்கம் செய்யக் கூடியவை

கல்வி, பயிற்சி, தகவல் ஆகியவற்றை அளித்தல் கூட்டுறவின் ஐந்தாம் கொள்கை. சமுதாயத்தின்பால் அக்கறை கொள்ளுதல் ஏழாம் கொள்கை. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கூட்டுறவுக் கடை தொடங்கிய முன்னோடிகளும் நெசவுத் தொழிலோடு பிணைந்தவர்களே. கடையோடு படிப்பகத்தையும் வைத்து நடத்தினர். நம் சங்கங்களும் பெருஞ் செலவின்றிப் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. கூலி பட்டுவாடா நாளில் அங்கத்தினர் குடும்பத்தோடு வருகின்றனர். அன்று கால் மணி நேரம் ஒதுக்கி, கிராம சுகாதார செவிலியரை அழைத்து ஒரே ஒரு செய்தியைப் பேசச் செய்யலாம்.

2. படிக்கத் தெரிந்தவர் படித்துக் காட்டவும், கேட்டவர் தம் சொல்லில் திருப்பிச் சொல்லவும் பழக்கலாம். திருப்பிச் சொல்ல முடிந்தால்தான் விளங்கிற்று என்று பொருள்.

3. சங்க அலுவலகத்தில் மருந்து அளவு மூடி, உப்பு-சர்க்கரைப் பொட்டலம், பூச்சி மருந்து நிற அட்டை ஆகியவற்றை வைத்து, செய்து காட்டலாம்.

4. வைத்தியத்திற்காக முன்பணம் கேட்போரிடம், "ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினீர்களா?" என்று காரியதரிசி அன்போடு கேட்கலாம். கேட்பது உதவிக்காகவே இருக்க வேண்டும். கடனை மறுக்கும் சாக்காக அது மாறலாகாது.

5. பள்ளியில் புழு நீக்க மாத்திரை வழங்கும் நாளுக்கு முன்னரே சங்கப் பலகையில் எழுதி வைக்கலாம். வதந்திக்கு முன் உண்மை போய்ச் சேர வேண்டும்.

6. பாட்டியரை மறவாமல் அழைக்க வேண்டும். தாய் தார் சுற்றும் வீடுகளில் பிள்ளைக்கு ஊட்டுவதும் மருந்து புகட்டுவதும் அவர்களே.

முடிவுரை

மூன்று மாதங்களுக்குப் பின் ஐப்பசியில் அதே சங்கத்திற்கு மீண்டும் சென்றோம். பையனின் ஹீமோகுளோபின் 11.2-க்கு உயர்ந்திருந்தது. இன்னும் சிறிது உயர வேண்டும். வைத்தியர் மருந்தை நிறுத்தவில்லை. அம்மாதம் அவன் பள்ளிக்கு ஒரு நாளே வரவில்லை. தகப்பனாரின் கடன் தீர்ந்துவிடவில்லை. சேலைக் கணக்கு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பிக் கொண்டிருந்தது. "சோம்பேறி என்று சொன்னதை நினைத்தால்தான் ஐயா மனசு கேட்கவில்லை" என்று நாடாவைப் பிடித்தபடியே சொன்னார். பாட்டியாரோ தெருவில் புதிதாக மாத்திரை வாங்கிய ஒரு பிள்ளையின் தாயிடம், "கறுப்பாகப் போகும், பயப்படாதே" என்று சொல்லிக் கொண்டிருந்தார்.

ஆய்வுக் குறிப்பில் நாம் அன்று எழுதியது: முன்பணம் கோரிக்கை, இல்லை.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. சுகாதார எழுத்தறிவின் மூன்று படிகள் யாவை? உங்கள் வீட்டு அனுபவத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் கூறுக.

2. "சோம்பேறி" என்று அழைக்கப்படும் பிள்ளையிடம் முதலில் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

3. உங்கள் வீட்டில் உள்ள காய்ச்சல் மருந்துப் புட்டியைக் கொணர்ந்து, 5 மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று படித்துக் காட்டுக.

4. உங்கள் தோட்டத்தில் பயன்படுத்தும் பூச்சி மருந்துகளின் முக்கோண நிறம் என்ன? அவை எங்கே வைக்கப்பட்டுள்ளன?

5. உங்கள் ஊர்க் குடிநீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? யாரிடம் கேட்டறியலாம்?

6. சென்ற ஆண்டில் வைத்தியத்திற்காகச் சங்கத்தில் பெற்ற முன்பணத்தில் எவ்வளவு தவிர்த்திருக்கலாம்? பெயர் குறிப்பிடாமல் கணக்கிட்டுப் பார்க்க.